நில் என்பது இல்லையா, அல்லவா? ஆர்க் கோப்பில் உண்மை, பொய் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் மாதம் ஒருமுறை நூலகத்தில் கூடி, ஆளுக்கொரு சின்ன ஆர்க் பார்சர் (கோப்பைப் படித்துப் பகுதிகளாகப் பிரிக்கும் நிரல்) எழுதிப் பழகுகிறோம். ஏழெட்டுப் பேர்தான். நிரல் எழுதுவதில் யாரும் சிக்குவதில்லை. "இது ஆமா, இல்லையா" என்ற இடத்தில்தான் எல்லாரும் சிக்குகிறோம். ஒவ்வொரு கூட்டத்திலும் அதே கேள்விகள் வருவதால் எழுதி வைத்துவிட்டேன். நிரல் சொற்களைக் கோப்பில் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன்.

ஆர்க் கோப்பு என்றால் என்ன? நான் புதிது.

வெறும் எழுத்துக் கோப்பு. வரியின் தொடக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டால் தலைப்பு, இரண்டு போட்டால் உட்தலைப்பு. அதன் கீழே பட்டியல், செய்ய வேண்டிய வேலை, தேதி, அட்டவணை என்று எதையும் எழுதலாம். கார்ஸ்டன் டொமினிக் என்ற வானியலாளர் 2003இல் தன் குறிப்புகளை ஒழுங்குபடுத்தத் தொடங்கியது இது. ஈமேக்ஸ் என்ற எழுத்துத் தொகுப்பானோடு, 2007இல் வந்த அதன் 22ஆம் பதிப்பிலிருந்து சேர்ந்தே வருகிறது. கோப்பு முழுவதையும் மரமாகப் பிரித்துக் கொடுக்கும் ஆர்க்-எலிமென்ட் என்ற பார்சரை நிக்கோலா குவாசியூ 2012 வாக்கில் எழுதினார். நாம் பார்த்து எழுதுவது அதைத்தான்.

அதில் உண்மைக்கும் பொய்க்கும் என்ன குறி?

ஈமேக்ஸ் லிஸ்ப் மொழியில் எழுதப்பட்டதால் லிஸ்ப்பின் வழக்கமே இங்கும். பொய்க்கு "நில்". உண்மைக்கு "டி" என்ற ஒற்றை எழுத்து. (நில் என்று படித்ததும் நம் ஆட்கள் நின்றுவிடுகிறார்கள். நிற்கச் சொல்லவில்லை, தாண்டிப் போங்கள்.)

ஆனால் இது சமமான ஜோடி இல்லை. பொய் என்பது நில் மட்டும். மற்ற எல்லாமே உண்மை. டி என்பது "உண்மை என்று சொல்ல வேண்டும், வேறு சொல்ல ஒன்றுமில்லை" என்னும்போது வைக்கும் குறி, அவ்வளவுதான். 42 உண்மை. "வாழைப்பழம்" என்ற சரம் (எழுத்துகளின் கோவை) உண்மை. வெற்றுச் சரமும் உண்மை.

பூஜ்யம்?

அதுவும் உண்மை. சி, பைத்தான் மொழிகளிலிருந்து வருகிறவர்கள் இதை நம்பச் சிரமப்படுகிறார்கள். நம்பிவிடுங்கள்.

வெற்றுப் பட்டியல் மட்டும் ஏன் பொய்?

லிஸ்ப்பில் வெற்றுப் பட்டியலும் நில்லும் ஒரே பொருள். இரண்டும் சமம் என்பதுகூட இல்லை. ஒன்றேதான், பெயர்தான் இரண்டு. ஜான் மெக்கார்த்தி 1958இல் எம்ஐடியில் தொடங்கிய மொழி அது. பட்டியலைச் சுற்றிக் கட்டிய மொழியில் பட்டியலின் முடிவைக் காட்டும் குறியே பொய்க்கும் பயன்பட்டது. பின்னால் வந்த ஸ்கீம் என்ற லிஸ்ப் வகை இரண்டையும் பிரித்துவிட்டது. ஈமேக்ஸ் லிஸ்ப் பிரிக்கவில்லை.

இங்கேதான் எனக்குச் சொல்ல வேண்டிய விஷயம் இருக்கிறது. நாம் தமிழில் இரண்டு மறுப்பு வைத்திருக்கிறோம். "வீட்டில் சர்க்கரை இல்லை" என்பது ஒன்று. "இது சர்க்கரை அல்ல, உப்பு" என்பது இன்னொன்று. முதலாவது பொருளே கிடையாது என்கிறது. இரண்டாவது, பொருள் இருக்கிறது, நீ சொன்னது அது கிடையாது என்கிறது. பேச்சில் இரண்டுக்கும் "இல்ல" என்றே சொல்லிவிடுகிறோம், தேக்கா சந்தையில் யாரும் "அல்ல" என்று சொல்லிக் காய்கறி வாங்குவதில்லை. ஆனால் எழுதும்போது வேறுபாடு தெரிகிறது.

லிஸ்ப்பின் நில், பேச்சுத் தமிழின் "இல்ல" மாதிரி. இல்லை, அல்ல, வெறுமை மூன்றையும் ஒரே சொல் சுமக்கிறது. ஒரு தலைப்புக்கு முன்னுரிமை கேட்டால் நில் வருகிறது: முன்னுரிமை குறிக்கப்படவில்லை என்று பொருள். குறிச்சொற்கள் கேட்டால் நில்: பட்டியல் காலி. கருத்துரையாக ஒதுக்கப்பட்டதா என்று கேட்டால் நில்: இல்லை, ஒதுக்கப்படவில்லை. மூன்று வேறு கேள்விகளுக்கு ஒரே விடை. லிஸ்ப்புக்குள்ளேயே இருக்கும்வரை இதனால் பெரிய தொல்லை கிடையாது. வேறு மொழியில் பார்சர் எழுதும் நமக்கு, ஒவ்வொரு நில்லையும் பார்த்து "இது இல்லையா, அல்லவா, காலியா" என்று கேட்டே ஆகவேண்டியிருக்கிறது. எங்கள் கூட்டத்தில் வந்த பிழைகளில் பெரும்பாலானவை இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்ட இடத்தில் பிறந்தவை.

தலைப்பின் கீழ் உள்ள பண்புப் பெட்டியில் நில் என்று எழுதினால் அது பொய்தானே?

பண்புப் பெட்டி என்பது தலைப்பைப் பற்றிய தகவல்களைப் பெயரும் மதிப்புமாக எழுதும் இடம். அங்கே நீங்கள் எழுதுவது (ஆங்கிலத்தில்) மூன்று எழுத்துள்ள ஒரு சரம். சரம் எதுவானாலும் லிஸ்ப்பில் உண்மை. ஆக "நில்" என்று எழுதிய சரம் உண்மை!

இதை ஆர்க் தெரிந்தே சமாளிக்கிறது. ஆர்க்-நாட்-நில் என்று ஒரு குட்டிச் செயல்கூறு உண்டு. வந்த மதிப்பு நில்லாகவோ "நில்" என்ற சரமாகவோ இருந்தால் நில் தரும். வேறு எதுவானாலும் அதையே திருப்பித் தரும். பண்பைப் படிக்கும் ஆர்க்-என்ட்ரி-கெட் வழியாகக் கேட்டால் இந்த வடிகட்டல் உள்ளேயே நடந்துவிடும். ஆனால் ஆர்க்-எலிமென்ட் மரத்திலிருந்து நேரடியாக அதே பண்பை எடுத்தால் கையில் வருவது வடிகட்டாத சரம். ஒரே கோப்பு, ஒரே வரி, கேட்கும் வாசலைப் பொறுத்து ஒரு பக்கம் பொய், மறுபக்கம் உண்மை. "என் பார்சர் ஈமேக்ஸோடு ஒத்துப்போகவில்லை" என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, எந்த வாசலோடு ஒப்பிட்டீர்கள் என்பதுதான்.

பண்பே எழுதாமல் விடுவதும், நில் என்று எழுதுவதும் ஒன்றுதானா?

கோப்பிக்கடைக்குப் போங்கள். "கோப்பி" என்று மட்டும் சொன்னால் கட்டிப் பாலும் சீனியும் போட்டு வரும். சீனி பற்றி நீங்கள் வாயே திறக்கவில்லை, ஆனாலும் சீனி வரும். "கோப்பி ஓ" என்றால் பால் போகும், சீனி இருக்கும். சீனி வேண்டாம் என்றால் "கோசோங்" என்று சொல்லியாக வேண்டும். மலாயில் கோசோங் என்றால் காலி, பூஜ்யம். சும்மா இருப்பது கோசோங் ஆகாது.

ஆர்க் பண்புகளும் அப்படித்தான். உட்தலைப்பில் ஒரு பண்பு இல்லையென்றால், மரபுரிமை இயங்கும் இடங்களில் தாய்த்தலைப்பிடம் கேட்கும்; அங்கும் இல்லையென்றால் அதற்கும் மேலே. உட்தலைப்பில் "நில்" என்று எழுதியிருந்தால் தேடல் அங்கேயே நின்றுவிடும். தாய் என்ன சொன்னாலும் இங்கே கிடையாது. இதற்காகவே ஆர்க்-என்ட்ரி-கெட்டில் ஒரு கூடுதல் வாய்ப்பு வைத்திருக்கிறார்கள்: கேட்டுக்கொண்டால் "நில்" என்ற சரத்தைப் பொருள் பார்க்காமல் சரமாகவே தரும். அப்போதுதான் "எழுதவில்லை"யையும் "வேண்டாம் என்று எழுதியிருக்கிறது"யையும் பிரிக்க முடியும்.

நடைமுறையில் இதைப் பார்க்க நல்ல இடம் லாகிங் என்ற பண்பு. வேலை முடிந்த நேரத்தைப் பதிவு செய்யும் வழக்கத்தை, ஒரு கிளைக்கு மட்டும் நிறுத்த அதில் நில் என்று எழுதுவார்கள். பொதுவாகப் பண்புகளுக்கு மரபுரிமை இயல்பாக இயங்காது, நாம்தான் இயக்க வேண்டும். லாகிங், கேட்டகரி, காலம்ஸ், ஆர்க்கைவ் ஆகிய நான்கும் அவற்றுக்குரிய வேலைகளில் விதிவிலக்கு: இவற்றுக்கு மரபுரிமை எப்போதும் உண்டு.

மூன்றாவது நிலையும் ஒன்று இருக்கிறது. பண்பின் பெயரை எழுதி, மதிப்பை எழுதாமல் விட்டால் வெற்றுச் சரம் கிடைக்கும். லிஸ்ப் கணக்கில் அதுவும் உண்மை. கோப்பை எடுத்து வைத்துவிட்டு ஒன்றும் ஊற்றாமல் போன மாதிரி.

பொருளடக்கம் வேண்டாம் என்று "நோ" போட்டேன். ஆனாலும் வருகிறதே?

நானும் செய்த தப்பு. பொங்கல் நிகழ்ச்சிக்கு எங்கள் புளோக்கில் நாலு பக்கக் கையேடு அடித்தோம். கோப்பின் தலையில், ஏற்றுமதி அமைப்புகளைச் சொல்லும் ஆப்ஷன்ஸ் வரியில் டிஓசி (பொருளடக்கம்) என்பதற்கு நோ என்று தட்டியிருந்தேன். அச்சுக்கு அனுப்பும் அவசரத்தில் திறந்துகூடப் பார்க்கவில்லை. நாலு பக்கக் கையேட்டின் முதல் பக்கத்தில் முக்கால் பக்கப் பொருளடக்கம். கோலப் போட்டி நடத்திய அக்கா, "தம்பி, புத்தகமா போடுறீங்க?" என்று கேட்டார்.

ஆப்ஷன்ஸ் வரியில் உள்ள மதிப்புகளை ஆர்க், லிஸ்ப்பின் வாசிப்பான் கொண்டே படிக்கிறது. அங்கே நில் என்று எழுதினால் அது சரமாகாமல் உண்மையான நில்லாகவே உள்ளே போகும். நோ என்று எழுதினால் நோ என்ற பெயருள்ள ஒரு குறியீடு உள்ளே போகும். அது நில் இல்லை. ஆக, உண்மை. ஆக, பொருளடக்கம் வரும். ஆர்க் எந்தப் பிழைச் செய்தியும் காட்டாது, ஏனென்றால் அதன் பார்வையில் பிழையே நடக்கவில்லை.

ஆனால் நிரல் துண்டுகளில் "நோ" என்றுதானே எழுதுகிறோம்?

ஆமாம், அங்கே நோதான் சரி. கோப்புக்குள் எழுதிய நிரல் துண்டுகளைக் கையாளும் ஆர்க்கின் பேபல் பகுதியில் டேங்கிள், கேஷ், நோவெப் போன்ற அமைப்புகளுக்கு யெஸ், நோ என்றே எழுத வேண்டும். அவை சரமாகவே ஒப்பிடப்படுகின்றன. கோப்பைத் திறக்கும்போது எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் ஸ்டார்ட்அப் வரியிலோ இண்டென்ட் என்றால் ஆம், அதன் முன்னே நோ ஒட்டி நோஇண்டென்ட் என்றால் இல்லை.

ஆக ஒரே கோப்பில் மூன்று பேச்சு வழக்கு. ஆப்ஷன்ஸ் வரி நில்-டி பேசும், பேபல் யெஸ்-நோ பேசும், ஸ்டார்ட்அப் சொல்லையே மாற்றிப் பேசும். வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு காலத்தில் சேர்த்தால் இப்படித்தான் ஆகும். எனக்கு இதில் கோபமில்லை. ஒரே வீட்டில் தாத்தா ஒரு தமிழும் பேரன் ஒரு தமிழும் பேசுகிற ஊர்க்காரன்தான் நான். ஆனால் உங்கள் பார்சரில் "மதிப்பை பூலியனாக்கு" (உண்மை அல்லது பொய் ஆக்கு) என்று ஒரே செயல்கூறு எழுதி மூன்று இடத்திலும் அழைக்காதீர்கள். மூன்று எழுதுங்கள்.

தேர்வுப்பெட்டி எளிதுதானே? ஒன்று டிக், இல்லையென்றால் இல்லை.

இரண்டு நிலை என்று நினைப்பீர்கள். மரத்தில் நான்கு இருக்கிறது. இந்தப் பட்டியலைப் பாருங்கள்:

- [-] பொங்கல் சாமான்
  - [எக்ஸ்] பானை
  - [ ] கரும்பு
- கீழ்த்தளத்தில் நெருப்பு மூட்ட அனுமதி கேட்பது பற்றிப் பேசுதல்

பானைக்கு ஆன். கரும்புக்கு ஆஃப். "பொங்கல் சாமான்" என்ற தாய் வரிக்கு டிரான்ஸ், அதாவது பாதி முடிந்தது. பிள்ளைகளில் சில முடிந்து சில மீதி இருந்தால், ஈமேக்ஸில் பெட்டியைத் தட்டும்போது தாய் வரி தானாகக் கோடு வாங்கிக்கொள்ளும். கடைசி வரிக்கு நில், பெட்டியே கிடையாது.

இந்த நான்கில் எதைப் பொய் என்பீர்கள்? "முடியாத வேலைகளைக் காட்டு" என்று கேட்டால் கரும்பு கட்டாயம் வர வேண்டும். தாய் வரி வரலாம். அனுமதி வரி வரக்கூடாது, அது வேலையே அல்ல. எங்கள் கூட்டத்தில் ஒருவர் பெட்டியை ஒரு பூலியனாக வைத்துக்கொண்டு எழுதினார். பெட்டி இல்லாத வரிகளெல்லாம் முடியாத வேலையாகக் கணக்கில் ஏறி, அவர் வீட்டு மளிகைப் பட்டியலில் நூற்றுக்கு மேல் பாக்கி காட்டியது. அவர் மனைவி அதை நம்பியும்விட்டார்.

கவனியுங்கள், பெட்டிக்குள் பெரிய எக்ஸ்தான் ஆன். கிட்ஹப்பின் மார்க்டவுன் சின்ன எக்ஸையும் ஏற்கும், ஆர்க்-எலிமென்ட் ஏற்காது. இரண்டு பக்கமும் கோப்பைக் கொண்டுபோகிறவர்கள் பெரிய எக்ஸே போடுவது நல்லது.

"கைவிட்டாச்சு" என்ற நிலை உண்மையா, பொய்யா?

ஆர்க்கில் வேலை நிலைகளை நாமே வகுக்கலாம். நடுவே ஒரு செங்குத்துக் கோடு போட்டால் இடப்பக்கம் பாக்கி, வலப்பக்கம் முடிந்தவை. செய், காத்திரு, பிறகு அந்தக் கோடு, பிறகு முடிந்தது, கைவிட்டாச்சு என்று தமிழிலேயே எழுதலாம். பார்சர் இரண்டு தகவல் வைத்திருக்கும்: எழுதிய சொல் ஒன்று, அது கோட்டின் எந்தப் பக்கம் என்பது ஒன்று. கைவிட்டது வலப்பக்கம் இருந்தால் அது "முடிந்தது" வகை. "இனி இதைப் பார்க்க வேண்டாம்" என்ற பொருளில் முடிந்தது, நடந்தது என்ற பொருளில் அல்ல. நிலையே எழுதாத தலைப்புக்கு இரண்டும் நில்.

சில பெயர்களின் கடைசியில் "பி" ஒட்டியிருக்கிறதே?

கமென்டெட்-பி, ஆர்க்கைவ்ட்-பி மாதிரி. லிஸ்ப்பில் ஆம்-இல்லை கேள்விக்கு ஒட்டும் பழைய வால். நம் "ஆ" மாதிரி: வந்தான், வந்தானா. இந்த வால் உள்ள இடங்களில் நில் என்றால் தைரியமாகப் பொய் என்று எடுத்துக்கொள்ளலாம்.

பைத்தானில் எழுதுகிறேன். எப்படி வைத்துக்கொள்வது?

முதலில் செய்யக்கூடாதது: சரத்தை நேராக பூல் என்ற செயல்கூறுக்குள் போடுவது. பைத்தானில் சரங்களில் வெற்றுச் சரம் மட்டும் பொய். "நில்" உண்மை, "நோ" உண்மை, "ஃபால்ஸ்" என்ற சரம்கூட உண்மை. மறுபக்கம், ஈமேக்ஸில் உண்மையாக இருந்த பூஜ்யமும் வெற்றுச் சரமும் இங்கே பொய்யாகிவிடும். லிஸ்ப்பில் இருந்து எழுத்துக்கு எழுத்து மொழிபெயர்த்த நிபந்தனைகள் இப்படிச் சத்தமில்லாமல் தலைகீழாகும்.

நான் பின்பற்றுவது இது. மரத்தில் பண்பு மதிப்பை எழுதியபடியே சரமாக வைக்கிறேன், பண்பு இல்லையென்றால் நன் (பைத்தானில் "ஒன்றுமில்லை" என்ற குறி). பார்சர் எந்தத் தீர்ப்பும் சொல்லாது. கேட்கும் இடத்தில் தனித்தனிச் செயல்கூறுகள்: "எழுதியிருக்கிறதா", "வேண்டாம் என்று எழுதியிருக்கிறதா", "மரபுரிமையோடு சேர்த்துப் பார்த்தால் உண்டா". தேர்வுப்பெட்டிக்கு எனம் (குறிப்பிட்ட சில பெயர்களை மட்டும் ஏற்கும் வகை) என்பதில் மூன்று பெயர், பெட்டி இல்லாவிட்டால் நன். பி வால் உள்ளவற்றுக்கு மட்டும் அசல் பூலியன்.

இதில் ஒரு லாபம் உண்டு. கோப்பைப் படித்துத் திரும்ப எழுதினால் ஒரு எழுத்தும் மாறாது. தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிட்ட பார்சர், "நில்" என்று எழுதியதையும் எழுதாமல் விட்டதையும் ஒன்றாக்கி, திரும்ப எழுதும்போது ஒன்றைத் தின்றுவிடும். அடுத்தவர் கோப்பில் அப்படிச் செய்தால் நட்பு போய்விடும்.

அமைப்புக் கோப்புகளைப் படிக்கும் பைத்தானின் கான்ஃபிக்பார்சரைக் கடன் வாங்கலாமா என்று கேட்கிறார்கள். அதன் கெட்பூலியன் 1, யெஸ், ட்ரூ, ஆன் ஆகியவற்றையும் 0, நோ, ஃபால்ஸ், ஆஃப் ஆகியவற்றையும் மட்டுமே அறியும். டியும் தெரியாது, நில்லும் தெரியாது, பிழை எறிந்துவிடும். பிழை எறிவது, தப்பாக ஊகிப்பதைவிட எவ்வளவோ மேல்.

ஜேசன் என்ற தரவு வடிவத்துக்கு மாற்றும்போது?

ஈமேக்ஸில் இருந்தே மாற்றினால் நில் என்னவாகும் என்பது எதைக் கூப்பிடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பழைய ஜேசன்-என்கோட் நில்லை நல் (ஜேசனில் "மதிப்பு இல்லை") ஆக்கும். ஈமேக்ஸ் 27இல் வந்த ஜேசன்-சீரியலைஸ் அதே நில்லை வெற்றுப் பொருளாக, அதாவது திறந்து மூடிய நெளிவடைப்பாக எழுதும். இரண்டிலும் ஃபால்ஸ் வராது. ஃபால்ஸ் வேண்டுமென்றால் அதற்கென்று உள்ள தனிக் குறியை நீங்களே வைக்க வேண்டும். இல்லை, அல்ல, காலி மூன்றையும் ஒரே சொல்லில் வைத்ததன் வட்டி இங்கேதான் வசூலாகிறது.

யாமல் என்ற இன்னொரு தரவு வடிவத்தில் இந்தத் தொல்லை இல்லையாமே?

அங்கே வேறு தொல்லை. யாமல் 1.1இல் யெஸ், நோ, ஆன், ஆஃப் எல்லாமே மேற்கோள் குறி இல்லாவிட்டால் பூலியன். நாட்டுக் குறியீடுகளைப் பட்டியலிட்டால் நார்வேயின் "நோ" பொய்யாக மாறிவிடும். 2009இல் வந்த 1.2 இதைக் குறைத்தது, ஆனால் பைத்தானில் பலரும் பயன்படுத்தும் பையாமல் இன்னும் பழைய வழக்கில்தான் நடக்கிறது. சிங்கப்பூருக்கு எஸ்ஜி, தப்பித்தோம்.

பண்பு மதிப்பாக "ஆம்", "இல்லை" என்று தமிழில் எழுதலாமா?

எழுதலாம். ஆர்க்குக்கு அவை வெறும் சரம், இரண்டும் உண்மை. பொருள் சொல்ல வேண்டியது உங்கள் பார்சர். ஒரு வகையில் தமிழ் எளிது: பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற சிக்கல் கிடையாது.

ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது, பாதிப் பேர் விழுந்தார்கள். பைத்தானின் வழக்கமான ரெஜெக்ஸில் (எழுத்துகளை வடிவம் பார்த்துத் தேடும் முறை) "சொல்லெழுத்து" என்று குறிக்கும் பின்சாய்கோட்டு டபிள்யூ, புள்ளியையும் உயிர்க்குறிகளையும் சொல்லெழுத்தாக ஏற்பதில்லை. "தமிழ்" என்ற சொல் "தம" என்றும் "ழ" என்றும் இரண்டாக உடையும். "இல்லை" என்பது "இல", "ல" ஆகும். "ஆம்" புள்ளி இழந்து "ஆம" ஆகும். உங்கள் ஒப்பீடு இரண்டையும் அடையாளம் காணாது, மதிப்பு இல்லை என்று முடிவுகட்டும். இடைவெளி வரை எல்லாவற்றையும் எடு என்று எழுதினால் போதும்.

கூடவே ஒன்று: "போதும்" என்பதில் உள்ள ஓகாரக் குறி ஒரே குறியாகவும் வரலாம், இரண்டு துண்டாகவும் வரலாம். திரையில் ஒன்றாகத் தெரியும், ஒப்பிட்டால் வேறு. ஒப்பிடும் முன் இரண்டு பக்கத்தையும் என்எஃப்சி என்ற யூனிகோடின் சீர்வடிவுக்குக் கொண்டுவாருங்கள்.

என் பார்சர் சரியா என்று எதை வைத்துச் சோதிப்பது?

ஒரு பண்பை ஐந்து விதமாக எழுதிய ஒரு கோப்பு வைத்துக்கொள்ளுங்கள்: எழுதாமல், காலியாக, நில் என்று, டி என்று, 0 என்று. ஐந்துக்கும் தாய்த்தலைப்பில் டி. ஆர்க்-என்ட்ரி-கெட்டிடம் மரபுரிமையோடு ஒருமுறை, மரபுரிமை இல்லாமல் ஒருமுறை கேட்டு விடைகளைப் பக்கத்தில் எழுதுங்கள். பத்து விடைகளும் ஒத்துவந்தால் அடுத்த கூட்டத்தில் கோப்பி என் செலவு. கோசோங் வேண்டுமென்றால் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.